பார்வையில்லாத பிள்ளைக்கும் விளையாட்டில் இடமுண்டு



பெருநாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் கொஞ்சம் கண்ணயர்வார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரு மூலையில் கூடி, ஒரே போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு கேம் ஆடுவார்கள். "எனக்குத்தான் முதல்ல", "காக்கா, ஒரு தடவை தாங்க" என்று சத்தம் வாசல் வரை கேட்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பார்வை இல்லையென்றால், அந்தப் பிள்ளை மட்டும் உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. "பாவம், அதுக்கு எப்படி ஆட முடியும்?" என்று நாமே முடிவு செய்து விட்டுவிடுகிறோம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உணவு, உடை, மருத்துவம் எல்லாம் நாம் குறையில்லாமல் பார்க்கிறோம். விளையாட்டைப் பற்றி மட்டும் நினைப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்வதும், விட்டுக்கொடுக்கப் பழகுவதும், தோற்கக் கற்றுக்கொள்வதும் விளையாட்டில்தான். அதில் இடமில்லாத பிள்ளை, பிறகு படிப்பிலும் தொழிலிலும் தனக்கு இடமில்லை என்று நம்பத் தொடங்கிவிடும்.

"அதுக்கு எப்படி ஆட முடியும்?" என்பதை உண்மையான ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, பதில் தேடி உட்கார்ந்த பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் உருவாக்கிய விளையாட்டுகளைப் பற்றியும், அவற்றிலிருந்து நம் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

இது என்ன துறை?

கணினியை ஆராய்பவர்களில் ஒரு பிரிவினர், இயந்திரத்தின் வேகத்தையும் நினைவாற்றலையும் பற்றிக் கவலைப்படுவதில்லை. மனிதன் அதை எப்படித் தொடுகிறான், எங்கே தடுமாறுகிறான், எந்த இடத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறான் என்பதையே பார்க்கிறார்கள். இதற்கு மனிதர்–கணினி ஊடாட்டம் என்று பெயர்.

இந்தத் துறையின் பெரிய அடிகள் சிலவற்றை எடுத்துவைத்தவர்களே மாணவர்கள்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஐவன் சதர்லாண்ட், 1963-ல் ஒளிப்பேனாவால் திரையின்மேல் நேரடியாகக் கோடு வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற முறையைத் தன் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். இன்று நாம் விரலால் போன் திரையைத் தொட்டு வேலை செய்வதற்கு அது ஒரு முன்னோடி. அதற்கு முந்தைய ஆண்டு அதே எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்வெளி விளையாட்டை எழுதியிருந்தார்கள். விற்பதற்காக அல்ல, புதிதாக வந்த ஒரு கணினியால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்க்கும் ஆர்வத்தில் எழுதினார்கள்.

விளையாட்டு அப்போதிலிருந்தே இந்த ஆய்வில் ஒரு சோதனைக்கூடம். காரணம் எளிது. அலுவலக மென்பொருள் கடினமாக இருந்தாலும் சம்பளத்துக்காகச் சகித்துக்கொண்டு பயன்படுத்துவோம். விளையாட்டை யாரும் அப்படிச் சகித்துக்கொள்வதில்லை. புரியவில்லையென்றால் பிள்ளை அந்த நிமிடமே எழுந்து போய்விடும். அதனால் ஒரு புதிய கருவியோ முறையோ மனிதர்களுக்குப் பொருந்துகிறதா என்பது விளையாட்டில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இந்தத் துறையினர் ஆண்டுதோறும் கூடும் பெரிய மாநாட்டின் பெயர் ‘கை’. அங்கே மாணவர்கள் செய்த விளையாட்டுகளுக்கென்று தனிப் போட்டியும் நடத்தப்பட்டிருக்கிறது. விளையாட்டு ஆய்வுக்கென்றே 2014-ல் கனடாவின் டொராண்டோவில் ‘கை பிளே’ என்ற தனி மாநாடும் தொடங்கியது. இத்தகைய இடங்களில், படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது மட்டும் கணக்கில் வராது. இது யாருக்காகச் செய்யப்பட்டது, அவர்களிடம் கொடுத்துப் பார்த்தீர்களா, என்ன தெரிந்துகொண்டீர்கள் என்ற கேள்விகளுக்கும் மாணவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மவுஸ், ஐந்து பிள்ளைகள்

முதலில் நம் நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்விலிருந்து தொடங்குவோம். விளையாட்டிலிருந்து ஒரு பிள்ளை ஒதுங்குவதற்குப் பார்வைக் குறைபாடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதை அது காட்டுகிறது.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜொயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் கிராமப்புறப் பள்ளிகளின் கணினி அறைகளைக் கவனித்தார்கள். கணினிகள் சில, பிள்ளைகள் பலர். ஒரு கணினியைச் சுற்றிப் பலர் உட்கார்ந்திருப்பார்கள், மவுஸ் ஒருவர் கையில் மட்டும் இருக்கும். துணிச்சலான ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள்.

கூடுதல் கணினி வாங்கப் பணமில்லை. ஆனால் மவுஸ் விலை குறைந்தது. ஆகவே ஒரே கணினியில் பல மவுஸ்களை இணைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் திரையில் தனி நிறத்தில் ஒரு அம்புக்குறி தெரியும்படி மென்பொருளைச் செய்தார்கள். அதன்பின் 238 பள்ளிப் பிள்ளைகளிடம் ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தரும் பயிற்சியாக இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேர் ஒரு கணினியில், ஆளுக்கொரு மவுஸோடு கற்றபோது, தனிக் கணினி கிடைத்த பிள்ளைக்கு ஈடாகவே சொற்களைக் கற்றிருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. அதே பயிற்சியை இரண்டு விதமாக அமைத்திருந்தார்கள். ஒன்றில் ஒருவரோடு ஒருவர் போட்டி, மற்றதில் சேர்ந்து செயல்படுவது. இந்தச் சிறிய மாற்றத்தால் பிள்ளைகள் நடந்துகொண்ட விதமும் கற்ற அளவும் கண்ணுக்குத் தெரியும்படி மாறின. குறிப்பாகப் பையன்களின் கற்றல், ஆட்டம் அமைந்த விதத்தைப் பொறுத்து ஏறி இறங்கியது. பெண் பிள்ளைகளோ எல்லா முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கற்றார்கள்.

"இந்தப் பிள்ளைக்குக் கணினி வராது" என்று நாம் சொல்வதற்குமுன் இந்த ஆய்வை நினைத்துப் பார்க்க வேண்டும். வராமல் போனது மவுஸ் கைக்கு வராததால் இருக்கலாம். ஏற்பாடு மாறினால் பிள்ளையும் மாறுகிறது. இதே எண்ணத்தோடுதான் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விளையாட்டுகளும் உருவாகின.

காதால் நடந்த வழி

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் பல்கலைக்கழகத்தில் ஹைமே சான்செஸ், மவுரிசியோ லும்ப்ரெராஸ் இருவரும் 1990-களின் இறுதியில் ‘ஆடியோடூம்’ என்ற விளையாட்டைச் செய்தார்கள். அதில் பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை, எல்லாம் ஒலிதான். பிள்ளை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து போகும் பாதையில் நடக்க வேண்டும். இடப்பக்கத்தில் கதவு இருந்தால் இடக்காதில் சத்தம் வரும். எதிரே ஏதோ நெருங்கினால் சத்தமும் நெருங்கும்.

ஆடி முடித்த பிள்ளைகளிடம் லெகோ கட்டைகளைக் கொடுத்து, "நீ போன இடம் எப்படி இருந்தது? கட்டிக் காட்டு" என்றார்கள். அந்தப் பாதையை ஒருபோதும் பார்த்திராத, பார்க்கவும் முடியாத பிள்ளைகள், எங்கே திரும்பினோம், எங்கே கதவு இருந்தது என்பதைக் கட்டைகளால் அடுக்கிக் காட்டினார்கள். கண்ணால் வரைய வேண்டிய வரைபடம் காது வழியாக மனத்தில் பதிந்திருந்தது.

இது வெறும் வேடிக்கையோடு நின்றுவிடவில்லை. சான்செஸும் அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த லோட்ஃபி மெராபெட்டும் வேறு சிலரும் சேர்ந்து இதன் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். பாஸ்டன் நகருக்கு அருகே பார்வையற்றோருக்கான கேரல் மையம் என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள உண்மையான ஒரு கட்டடத்தை, ஒலியால் மட்டும் நடக்கக்கூடிய கணினி விளையாட்டாக மாற்றினார்கள். அறை அறையாகப் போய், ஒளித்து வைக்கப்பட்ட நகைகளைத் தேடி எடுத்து, துரத்தும் பூதங்களிடம் சிக்காமல் வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு குழுவினர் இப்படி ஆடினார்கள். இன்னொரு குழுவினர் அதே கட்டடத்தின் வழிகளை அதே மென்பொருளில் பாடமாக, வரிசையாகச் சொல்லித்தரக் கற்றார்கள்.

பிறகு எல்லோரையும் அந்த உண்மையான கட்டடத்துக்குள் அழைத்துச் சென்றார்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதில் இரு குழுவினரும் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். ஆனால் உள்ளே ஓரிடத்தில் விட்டு, "மிகக் குறுகிய வழியில் வெளியேறுங்கள்" என்று சொன்னபோது, விளையாடியவர்கள் முந்தினார்கள். பாடமாகக் கற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாதை தெரிந்திருந்தது. பூதத்துக்குப் பயந்து இங்கும் அங்கும் ஓடியவர்களுக்கோ கட்டடம் முழுவதும் தெரிந்திருந்தது. இந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது.

தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வெளியேற வேண்டிய ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். "விளையாட்டால் என்ன பயன்?" என்று இனி நாம் கேட்க மாட்டோம்.

கையில் அதிரும் ரிமோட்

பார்வையற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. விழுந்துவிடுமோ, இடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் நாம் அவர்களை ஓடவே விடுவதில்லை. உடல் அசைவு குறைகிறது, எடை கூடுகிறது, உடம்பு பலவீனமாகிறது.

அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில், ரீனோ நகரில், டோனி மொரெல்லி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் ஈல்கே ஃபோல்மரும் இதை எடுத்துக்கொண்டார்கள். அப்போது கடைகளில் ‘வீ’ என்ற விளையாட்டுக் கருவி பிரபலமாக இருந்தது. அதன் ரிமோட்டைக் கையில் பிடித்து, டென்னிஸ் மட்டையைப் போல உண்மையாகவே வீச வேண்டும். ஆனால் பந்து எங்கே வருகிறது என்பது திரையில் மட்டுமே தெரியும்.

அந்த ரிமோட்டுக்குள் அதிரும் சிறு மோட்டாரும் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே இருந்தன. மாணவர்கள் புதிய கருவி எதையும் செய்யவில்லை. பந்து தரையில் படும்போது ஒரு சத்தமும் அதிர்வும், அடிக்க வேண்டிய நேரத்தில் இன்னொன்று என்று திரையில் தெரிந்த செய்தியைக் கைக்கும் காதுக்கும் மாற்றினார்கள். 2010-ல் வெளிவந்த இந்த விளையாட்டை, நியூயார்க் மாநிலத்தின் பிராக்போர்ட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்காக நடக்கும் ‘கேம்ப் அபிலிட்டீஸ்’ என்ற விளையாட்டு முகாமில் 13 பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒலி மட்டும் இருந்தபோது எடுத்ததைவிட, ஒலியும் அதிர்வும் சேர்ந்தபோது பிள்ளைகள் கூடுதல் புள்ளிகள் எடுத்தார்கள்.

பௌலிங் விளையாட்டையும் இதே முறையில் செய்தார்கள். கையை மெதுவாக இடமும் வலமுமாக நகர்த்தும்போது, குறியை நெருங்க நெருங்க அதிர்வு மாறும். பார்க்காமலே குறி எங்கே என்று கை கண்டுபிடித்துவிடும். நிலத்தடி நீரைத் தேடுபவர் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் போன்றது என்று சொன்னால் நம் பெரியவர்களுக்குப் புரியும். செலவில்லாமல் பலருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று இந்த விளையாட்டுகளை அவர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள்.

13 பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. இத்துறையின் ஆய்வுகள் பலவும் இப்படிச் சிறியவையே. ஆயினும் ஒரு கதவு திறக்கும் என்று காட்டுவதற்கு ஒருவர் அதன் வழியே போய்வந்தால் போதும்.

சொல்லிக் கொடுப்பது வேறு, செய்து கொடுப்பது வேறு

இந்தக் கட்டுரையின் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்மித் என்ற ஆய்வு மாணவரும், பேராசிரியர் ஸ்ரீ நாயரும் 2018-ல் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றுக்கான ஒலி முறையை வெளியிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கான கார்ப் பந்தயங்கள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றில் ஒரு குறை இருந்தது. "இப்போது இடப்பக்கம் திருப்பு", "இப்போது வலப்பக்கம்" என்று கணினியே கட்டளை கொடுக்கும், ஆடுபவர் அதற்குக் கீழ்ப்படிவார். பந்தயம் முடிந்துவிடும். ஆனால் ஓட்டியது யார்? கணினிதான்.

ஸ்மித் வேறு வழியில் யோசித்தார். பார்வையுள்ள ஒருவருக்குச் சாலை கட்டளை எதுவும் கொடுப்பதில்லை, செய்திதான் கொடுக்கிறது. அதே செய்தியை ஒலியாகத் தந்தால் என்ன? கார் எவ்வளவு வேகத்தில், சாலையின் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது என்பதை ஓர் ஒலி தொடர்ந்து சொல்லும். வரப்போகும் வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, எவ்வளவு நீளம் என்பதை இன்னொரு ஒலி முன்கூட்டியே சொல்லும். பிரேக் போடுவதா, ஒதுங்கி வளைப்பதா, துணிந்து வேகமாகப் போவதா என்பது ஓட்டுபவரின் முடிவு. தவறினால் தவறு அவருடையது, ஜெயித்தால் ஜெயமும் அவருடையது. இந்த முறையில் பார்வையற்றவர்கள், பொழுதுபோக்காக ஆடும் பார்வையுள்ளவர்களுக்கு ஒப்பான முறையில் கார் ஓட்டினார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள். பார்வையற்ற அந்த நபித்தோழரின் பொருட்டு இறங்கிய வசனங்களோடுதான் குர்ஆனின் 80-வது அத்தியாயமான ‘அபஸ’ தொடங்குகிறது என்பது நாம் அறிந்ததே. மதீனாவில் பிலால் (ரழி) அவர்களோடு அவரும் முஅத்தினாக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சில சமயங்களில் மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துச் சென்றார்கள்.

புகாரியில் இடம்பெறும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். ரமளானில் பிலால் (ரழி) இரவில் பாங்கு சொல்வார்கள், அதன்பின்னும் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூம் (ரழி) சொல்லும் பாங்குதான் ஸஹர் முடிவு. கிழக்கு வெளுத்ததை அவரால் பார்க்க முடியாது. "விடிந்துவிட்டது" என்று மக்கள் அவருக்குச் சொல்வார்கள், அவர் பாங்கு சொல்வார். "நீங்கள் உட்காருங்கள், உங்களுக்குப் பதிலாக நாங்கள் சொல்லிவிடுகிறோம்" என்று அந்தச் சமுதாயம் சொல்லவில்லை. அவருக்குக் குறைவாக இருந்த செய்தியை மட்டும் கொடுத்தது, பொறுப்பை அவரிடமே விட்டது. ஊரே அவருடைய குரலைக் கேட்டு நோன்பு பிடித்தது.

செய்தியைக் கொடு, முடிவை அவரிடம் விடு. ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்து மாணவர்கள் கண்டுபிடித்த இந்த வழி, மதீனாவின் பள்ளிவாசலில் நடைமுறையில் இருந்த வழிதான். நம் வீடுகளில் நாம் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறோம். பார்வையில்லாத பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்கிறோம், கையைப் பிடித்து இழுத்துப் போகிறோம், கேட்ட கேள்விக்கு அதற்குப் பதிலாக நாமே பதில் சொல்கிறோம். பாசத்தால்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் காரை நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை

மனிதர் எங்கே சலிக்கிறார், எங்கே விடாமல் தொடர்கிறார் என்று ஆராயும் இதே அறிவு தவறான பக்கத்துக்கும் பயன்படுகிறது. பிள்ளை போனைக் கீழே வைக்க முடியாதபடி செய்யும் தினப் பரிசு, முடிவே இல்லாத கட்டங்கள், பணம் கட்டினால் திறக்கும் பெட்டி எல்லாம் யோசித்துச் செய்யப்பட்டவைதான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் கடனில் மூழ்கியதைச் செய்திகளில் பார்த்திருக்கிறோம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்றியது. நமக்கு அதற்கு முன்பே மார்க்கத்தின் தடை இருக்கிறது, சூது ஹராம்.

ஆகவே "கேம் என்றாலே நல்லது" என்று நாம் சொல்லவில்லை. அதைச் செய்தவர் யாருடைய நன்மைக்காகச் செய்தார் என்று பாருங்கள் என்கிறோம். பிள்ளை ஆடி முடித்தபின் அதற்கு ஏதாவது கிடைத்ததா, அல்லது அதனிடமிருந்து நேரமும் பணமும் பறிக்கப்பட்டதா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சில எளிய வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, நம்மிடம் ஏற்கெனவே உள்ள விளையாட்டுகள். பல்லாங்குழி முழுக்க முழுக்கக் கையால் ஆடும் ஆட்டம். குழியையும் சோழியையும் விரலே எண்ணிவிடும், பார்வை தேவையே இல்லை. தாயக்கட்டத்தின் கோடுகளின்மேல் நூலை ஒட்டி, காய்களை வெவ்வேறு பொருளாக வைத்துக்கொண்டால், ராத்தாவும் தம்பியும் சேர்ந்து ஆடலாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகளைப் போட்டிருப்பார்கள், உருளும்போது சத்தம் கேட்கும். பார்வையற்றோருக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பை 2012-ல் பெங்களூரில் நடந்தது. அதை வென்றது இந்திய அணி.

இரண்டாவது, கையிலுள்ள போன். ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றில் ‘டாக்பேக்’ என்ற வசதி இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போனால் கிடைக்கும். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் போன் வாய்விட்டுச் சொல்லும், தமிழிலும் சொல்லும். கணினிக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்ற இலவசத் திரை வாசிப்பான் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். இருவருமே பார்வையற்றவர்கள். 2006-ல் தொடங்கிய அந்த வேலை இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

மூன்றாவது, உரிமைகள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. சட்டம் சொல்லும் அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அட்டை இன்னும் எடுக்காதவர்கள் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். சிலர் "பிள்ளைக்குக் குறை இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்று தயங்குகிறார்கள். மறைப்பதால் குறை போவதில்லை, பிள்ளைக்குரிய உதவிதான் போய்விடுகிறது.

நான்காவது, கேம் செய்ய ஆசைப்படும் நம் மாணவர்கள். எம்.ஐ.டி.யிலிருந்து 2007-ல் வெளிவந்த ‘ஸ்க்ராட்ச்’ என்ற இலவச மென்பொருளில், கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கிப் பள்ளிப் பிள்ளைகளே விளையாட்டு செய்யலாம். விடுமுறையில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: திரையை ஒரு துணியால் மூடிவிட்டு, ஒலியை மட்டும் கேட்டு ஆடக்கூடிய ஒரு விளையாட்டைச் செய்யட்டும். செய்தபின் பார்வையில்லாத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, அது எங்கே தடுமாறுகிறது என்று வாய் திறக்காமல் கவனிக்கட்டும். இந்தத் துறையின் முதல் பாடம் அதுதான்.

இதில் மேற்படிப்பு வேண்டுவோர் மும்பை, குவாஹாட்டி ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புத் துறைகளையும், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் விசாரிக்கலாம். ஐ.ஐ.டி.களின் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கான ‘யூசீட்’ நுழைவுத் தேர்வை, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு படித்தவரும் எழுதலாம். அறிவியல் எடுக்காத பிள்ளைகளும், ஓவியத்தில் கைவந்த பெண் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த பெருநாளில் பிள்ளைகள் ஒன்றுகூடும்போது, உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் ஒரு பல்லாங்குழிப் பலகையைக் கொடுத்து நடுவில் உட்கார வையுங்கள். எதிரே உட்காரும் பிள்ளையிடம், "விட்டுக்கொடுத்து ஆடாதே, ஒழுங்காக ஆடு" என்று மட்டும் சொல்லுங்கள். ஜெயித்தால் உண்மையாக ஜெயிக்கட்டும், தோற்றால் எல்லோரையும் போலத் தோற்கட்டும்.

நம் பிள்ளைகளில் ஒருவரும் ஒதுங்கி நில்லாத வீடுகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.